எட்டாவது முடிச்சு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் வேலம்மையின் பயம். விடிந்ததிலிருந்து வேறு நினைப்பில்லை. ஏழு சொல். ஏழே ஏழு. சுண்டுவிரல் கணுக்களில் மூன்று, மோதிரவிரலில் மூன்று, நடுவிரலில் ஒன்று. மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியிருந்தது. நிழல் எங்கள் தெருவில் கிடந்தது. எதிர்வீட்டுக் குழந்தை கிணற்றுச் சுவரில் ஏறியது. ஏறி உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு குரல் கேட்டது. குழந்தை இறங்கிவிட்டது. அவ்வளவுதான், அந்தக் கணுவோடு நிறுத்திவிட வேண்டும். ஆனால் நிறுத்தத் தெரிந்த வாயா அது? கீரை வாங்கப் போனால் முந்தாநாள் வாங்கிய கீரையின் கதையையும் கீரைக்காரியிடம் சொல்லாமல் திரும்பமாட்டாள். "உன்கிட்ட வழி கேட்டவன் ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்று புருஷன் சிவசாமி சொல்வது சும்மா இல்லை. கோயிலின் கிழக்கு மண்டபத்தில் அப்படிப் பேச முடியாது. மண்டபத்துக்குள் மேடைக்கு மூன்று படி. மேலே முடிச்சுக்காரர் மடியில் மூன்று கயிற்றோடு உட்கார்ந்திருப்பார். சாட்சி கீழ்ப்படியில் நின்று ஒருதரம், நடுப்படியில் ஒருதரம், மேல்படியில் ஒருதரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு முடிச்சு. கடைசியில் மூன்று கயிற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தொங்கவிட்டுப் பார்ப்பார். முதல் இரண்டு கயிற்றில் ஒரு முடிச்சு கூடக்குறைய இருந்தாலும் போயிற்று, சாட்சி சொல்ல வந்தவளே குற்றவாளி. மூன்றாவதில் மட்டும் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். மேல்படியில் நிற்கும்போதுதான் அவர் பேர் கேட்பார். யார் குரல் அது என்று கேட்பார். அது எட்டாவது முடிச்சு. நடுவிரலின் இரண்டாம் கணுவை வேலம்மையின் கட்டைவிரல் தொட்டுத் தொட்டு விலகியது, சுட்ட இடத்தைத் தொடுவது போல.

இந்த ஊரில் நின்றநாதர் கோயில் கோபுரத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பதினோரு நிலை, உச்சியில் ஒன்பது கலசம், அசலூர்க்காரன் வந்தால் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டுப் போவான். ஊர்க்காரர்களுக்குக் கண் எப்போதும் தரையில்தான், நிழல் எங்கே வந்திருக்கிறது என்று. காலையில் மேற்குத் தெருக்களில் ஒவ்வொன்றாக விழுந்து எழுந்து வரும், பிற்பகலில் கிழக்குத் தெருக்களில். எந்தத் தெருவில் கிடக்கிறதோ அந்தத் தெருவின் கோடியில் சங்கு ஊதுவார்கள், அந்த நொடியிலிருந்து விலகல் மணி அடிக்கிற வரைக்கும் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. உலக்கை நிற்கும், அம்மி நிற்கும், தயிர்க்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சுவரோரம் குந்திக்கொள்வாள். கோபுரம் கட்டின காலத்தில் உச்சியில் ஒருவன் கடைசிக் கலசத்தை நிறுத்திக்கொண்டிருந்தானாம், கீழே நிழலில் நின்ற யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம், யாரென்று திரும்பிப் பார்த்தவன் விழுந்துவிட்டானாம். ஒரு குரலால் ஒரு உயிர் போன இடம், அதனால் நிழலுக்குள் குரல் இல்லை. வேலம்மைக்கு அந்தக் கதையில் எப்போதும் ஒரு சந்தேகம். கூப்பிட்டது யார்? அவன் பெண்டாட்டியா, சோறு கொண்டுவந்தவளா? எதற்குக் கூப்பிட்டாள்? பலகை நழுவுகிறதென்று சொல்லத்தான் கூப்பிட்டாளோ? கேட்டுவிட முடியுமா இதையெல்லாம். உச்சிவேளையில்தான் கோபுரம் தன் நிழலைத் தன் காலடியில் சுருட்டிக்கொள்ளும், அப்போது எந்தத் தெருவும் நிழலில் இல்லை. அந்தப் பொழுதில்தான் கிழக்கு மண்டபத்தில் சாட்சி கேட்பார்கள். நிழல் மறுபடி கிளம்பி, மண்டபத்து முன்தளத்தில் பதித்திருக்கிற பித்தளைக் கோட்டைத் தொட்டால் சங்கு. அதற்குள் மூன்றாம் கயிறு முடியவில்லை என்றால் சாட்சி சொன்னதெல்லாம் அவிழ்ந்துபோகும், தெரு என்ன சொல்கிறதோ அதுவே தீர்ப்பு.

தெரு பூரணி என்று சொல்கிறது. பூரணி அதோ எதிர்த் தூணடியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் நாலு வயசு அழகுவோடு. புருஷன் இரண்டு தூண் தள்ளி நிற்கிறான், இப்போதே தள்ளி. மாமியார் குழந்தையின் பாவாடை சட்டைகளை மடித்து ஒரு மூட்டையாகக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், தீர்ப்பானால் குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு போக. நிழலுக்குள் வாய் திறந்தவர்கள் வெளிமேட்டுக்குப் போக வேண்டும், தனியாக. சூளைகளுக்கு அப்பால் அந்த மேடு, வருஷத்தில் எந்த நாளிலும் கோபுர நிழல் அங்கே எட்டாது. பிள்ளை கூடப் போகக் கூடாது. பூரணியிடம் அன்றைக்கே அவள் வாசலில் வைத்துக் கேட்டாயிற்று. "நான் கத்தல" என்றாள். பின்னே யார் என்று கேட்டதற்குத் தலை நிமிர்ந்து எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாள், ஒரு கணம்தான், பிறகு குனிந்துகொண்டு "தெரியாது" என்றாள். தெரியாது என்பதற்கு இந்த மண்டபத்தில் முடிச்சு இல்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் குனிந்தாள். அந்த ஒரு பார்வை வேலம்மையின் நெஞ்சுக்குள் மீன்முள் மாதிரி சிக்கிக்கொண்டு, சோற்றுருண்டை விழுங்கினாலும் இறங்கமாட்டேன் என்கிறது. வைதிருக்கலாம். கையை நீட்டி இவள்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேலம்மை இல்லையென்று சாதித்திருப்பாள், சண்டை போட்டிருப்பாள், சண்டையில் மனசு கல்லாகிவிடும். பூரணி சும்மா இருக்கிறாள். நீயே சொல்வாய் அக்கா என்று சும்மா இருக்கிறாள்.

ஏனென்றால் கத்தியது வேலம்மை. முந்தாநாள் காலை, பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது எதிர்வீட்டுக் கொல்லை முழுக்கக் கண்ணில் விழுந்தது, ஓட்டுக் கூரைக்கு அந்தப் பக்கம் கிணறு, கிணற்றுச் சுவரில் இரண்டு முழங்காலையும் ஊன்றிக்கொண்டு அழகு, தலை உள்ளே. சிவப்புப் பாவாடை மட்டும்தான் வெளியே. நிழல் எல்லாவற்றின் மேலும் ஈரத்துணி போலக் கிடந்தது. காலைத் தரையில் தட்டலாமே என்று நினைத்தாளா, கீழே ஓடிப் போகலாமே என்று நினைத்தாளா, ஒன்றும் நினைக்கவில்லை. "ஏ அழகு, எறங்குடி." அந்த மூன்று சொல் எங்கிருந்து வந்தது என்று இப்போதும் அவளுக்குத் தெரியாது. தன் தொண்டைக்குள் அவ்வளவு பெரிய குரல் குடியிருந்தது நாற்பத்தெட்டு வருஷமாகத் தெரியாது. கோயில் மதிலில் மோதி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் உருண்டுபோய், பிறகு ஒரு சத்தமும் இல்லை. அழகு இறங்கிவிட்டது. பூரணி மாவுக்கையோடு ஓடிவந்து, வாய் திறக்காமல், திறக்காமலே, பிள்ளையை வாரி எடுத்தாள். அந்தக் குழந்தை பயந்து அழக்கூட இல்லை, அண்ணாந்து மாடியைப் பார்த்துச் சிரித்தது. வேலம்மை வடகத் துணிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து பார்த்தபோது ஒரு வரிசை முழுக்க நசுங்கி, சேலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சேலையைத்தான் முதலில் அலசினாள். விலகல் மணி அடித்துத் தெரு கூடிவிட்டது, எல்லாரும் பூரணி வாசலில். பிள்ளை பேரைச் சொல்லி எறங்குடி என்று யார் கத்துவாள், பெற்றவள்தானே. யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை, எதிர்மாடியில் இருந்தவள் பார்த்திருப்பாள் என்று வேலம்மையைச் சாட்சியாகத்தான் சொன்னார்கள். வேலம்மை பிழிந்த சேலையைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்றவள்தானே கத்துவாள். வேலம்மைக்குப் பிள்ளை இல்லை. அந்த நினைப்பும் ஒரு முள்தான், ஆனால் பழைய முள், வலி செத்துப்போனது.

"என்ன வேலம்மை, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? காலையிலேர்ந்து ஒரு பேச்சையும் காணோம்." பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் சிட்டம்மாள், தெருக்கோடி வீட்டுக்காரி, தெருவின் சொல்லைச் சொல்ல முன்னால் நின்றவர்களில் ஒருத்தி. முறத்தில் புடைக்கிற மாதிரி விசிறியால் தன்னைத்தானே அடித்துக்கொண்டாள். "தொண்டை கட்டியிருக்குக்கா" என்றாள் வேலம்மை. குரல் கிழிந்த துணி போல வந்தது. "நல்லா இருக்கே கூத்து. கத்துனவ அங்க கிண்ணி மாதிரி கணீர்னு பேசுறா, கேட்டுக்கிட்டு இருந்த உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" சிட்டம்மாள் சிரித்தாள். சிரிப்புத்தானா? வேலம்மை அவள் முகத்தைப் பார்த்தாள். வெற்றிலைப் பல், வியர்வை, ஒன்றும் தெரியவில்லை. "பனி" என்றாள். "இந்த வெயில்ல பனியா? சுக்கைத் தட்டிப் போட்டுக் குடி. சரி, மேல ஏறி வளவளன்னு இழுக்காத. உச்சியில ஆரம்பிச்சாலே நமக்கு நேரம் பத்தாது, முன்னாடி இந்த மாட்டுக்காரனுங்க வேற." படியில் ஒருவன் நின்று, தன் காளை எப்படி அடுத்தவன் கரும்புக்குள் போயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தான். "காளை தானாப் போகல ஐயா, கரும்பு வேலியைத் தாண்டி வந்துச்சு" என்றான். முடிச்சுக்காரர் கயிற்றைப் பிடித்தபடி, "கரும்பு நடந்துச்சுன்னு ஒரு முடிச்சு போடவா?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. வேலம்மையும் சிரிக்கப் பார்த்து, தொண்டை கரகரத்து, சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு வேண்டாம். சிரிப்பு எதற்கு. சிரித்துத்தான் அப்பா போனார்.

அப்பா சிரித்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. நிழல் தெருவில் கிடந்தபோது, கோயில் மணியக்காரர் கழுத்து மாலையோடு வாசலில் கண்மூடி நிற்க, ஒரு ஆடு பின்னாலிருந்து வந்து அந்த மாலையை ஒவ்வொரு பூவாக நிதானமாகத் தின்றது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, தெருவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது, அப்பா மட்டும் சிரித்துவிட்டார். வேலம்மைக்கு எட்டு வயசு. அம்மாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இதே படி. மேல்படியில் நின்று, யார் சிரித்தது என்று கேட்டபோது, அம்மா நேராகப் பார்த்து "என் வீட்டுக்காரர்" என்றாள், குரல் நடுங்காமல், ஒரு முடிச்சுக்கு ஒரு சொல்லாக. அப்பா சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சூளைப் பாதையில் நடந்தது, முதுகில் வெயில் பளபளத்தது, திரும்பிப் பார்க்காதது. கோயில் பள்ளிக்கூடத்தில் வெளிமேட்டுக்காரன் பிள்ளைக்கு இடமில்லை என்று பலகையையும் பையையும் கையில் கொடுத்து அனுப்பியது. மூன்றாம் வகுப்பு. கழித்தல் பாதிவரைக்கும் வந்திருந்தாள், கடன் வாங்கிக் கழிப்பது இன்றைக்கும் வராது. வளர்ந்தபிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டாள், ஏம்மா சொன்னே என்று. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெருவே பார்த்துச்சு, நான் வேற பேர் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். நீ யார் வீட்டு வாசல்ல நின்னிருப்ப?" என்றாள். அதற்கப்புறம் அம்மா சிரித்து வேலம்மை பார்த்ததில்லை, நிழல் இல்லாதபோதும்கூட. அப்பாவை ஒருதடவை பார்த்தாள், கல்யாணமான புதிதில், சூளைப் பக்கத்துச் சந்தையில். கிழவராகியிருந்தார். யாரோடோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், காலை வெயிலில், கையை ஆட்டி ஆட்டி, வெளிமேட்டுக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான், வேளை பார்க்காமல் பேசுவார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கையைப் பாதி தூக்கினார். வேலம்மை புளியைப் பேரம் பேசுகிற மாதிரி குனிந்துகொண்டாள். நல்ல புளி. கொட்டை எடுத்த புளி. வீட்டுக்கு வந்து அந்தப் புளியைக் கரைத்தபோது விரல் எரிந்தது, எங்கேயோ வெட்டுப்பட்டிருந்தது போல.

ஆக எட்டாவது முடிச்சுக்கு அவளிடம் இரண்டு பெயர் இருந்தது. ஒன்று பூரணி. ஒன்று தன் பேர். தெரியாது என்பது மூன்றாவதாக இருந்திருந்தால் இந்த உலகத்தில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. என் குரல்தான் ஐயா என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? வெளிமேடு. வெளிமேட்டில் என்ன இருக்கிறது? மண்வீடு இருக்கும், அடுப்பு இருக்கும், பேச்சு இருக்கும், ஒருவேளை அப்பா புதைந்த இடம் இருக்கும். போனால்தான் என்ன? அழகு தாயோடு இருக்கும். இரண்டு நிமிஷம் அந்த எண்ணத்தில் மூச்சு லேசானது, வெந்நீரில் காலை வைத்தது போல. சூளைப் பாதையில் தான் நடப்பதைப் பார்த்தாள், கையில் ஒரு பை. பையில் என்ன வைப்பது? மாற்றுச்சேலை, சீப்பு, முட்டிவலித் தைலம். தைலம் தீர்ந்தால்? அங்கே யார் காய்ச்சித் தருவார்கள்? ராத்திரி கால் மரத்தால் யார் பிடித்துவிடுவார்கள்? சிவசாமிக்கு யார் பொங்கிப் போடுவார்கள்? மடைப்பள்ளியில் விறகு பிளக்கிறவர், இருமல்காரர், இரண்டு நாள் ரசம் சூடில்லாமல் போனால் மூன்றாம் நாள் படுத்துவிடுவார். ஆக அவருக்காகத்தான் பயப்படுகிறோமா? இல்லை, கால் மரத்தால் என்றுதானே முதலில் வந்தது. முதலில் வந்தது தைலம். ஒரு பிள்ளையின் தாய்க்கும் ஒரு குப்பித் தைலத்துக்கும் நடுவில் இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்தபோது மண்டபத்துக் கல் தொடையின்கீழே ஐஸ் மாதிரி இருந்தது. மடைப்பள்ளிப் பக்கமிருந்து கோடாலிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. டொக். டொக். அது சிவசாமிதான், மூன்று வெட்டுக்கு ஒரு மூச்சு வாங்குவார். காலையில் வேட்டியைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னார், "கேட்டதுக்கு மட்டும் சொல்லு." சரி என்றாள். வாசல்வரை போனவர் நின்றார். "உன் தொண்டை ஏன் ரெண்டு நாளாக் கம்மியிருக்கு?" பனி என்றாள். அவர் வெயிலைப் பார்த்தார். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, "அங்க நிக்கிறப்ப தொண்டை அடைச்சா கூச்சப்படாமத் தண்ணி கேளு. தண்ணி குடிக்கிறவங்களை அங்க யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. அது வழக்கம்" என்றார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

"மேற்குத் தெரு வேலம்மை." கூப்பிட்டுவிட்டார்கள். மாட்டுக்காரர்கள் இறங்கிப்போனார்கள், காளை குற்றவாளியா கரும்பு குற்றவாளியா தெரியவில்லை. முன்தளத்தில் நிழல் சுருள் பிரிந்து, ஒரு கலசத்தின் கூர் மட்டும் பித்தளைக் கோட்டை நோக்கி நீண்டிருந்தது, இன்னும் ஐந்தாறு முழம் இருக்கும். தரையில் கையை ஊன்றி எழுந்தாள். சிட்டம்மாள் முதுகில் கை கொடுத்துத் தள்ளினாள், "போ, போ, ஒண்ணும் கடிச்சிட மாட்டாங்க." கீழ்ப்படி. முடிச்சுக்காரர் வயசானவர், கண் பாதி மூடியே இருக்கும், விரல் மட்டும் இளசு. "சொல்லும்மா." மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். விரல் சுற்றி இழுத்தது. சங்கு ஊதியிருந்தது. நிழல் எங்கள் தெருவில் கிடந்தது. எதிர்வீட்டுக் குழந்தை கிணற்றுச் சுவரில் ஏறியது. ஏறி உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு குரல் கேட்டது. குழந்தை இறங்கிவிட்டது. ஏழு. நாக்கு அடுத்ததாக சிவப்புப் பாவாடை என்று சொல்லப் பார்த்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். நடுப்படி. மறுபடி வடகம், மறுபடி சங்கு. சொல்லச் சொல்ல அது யாருக்கோ நடந்த மாதிரி ஆகிக்கொண்டு வந்தது, குரலுக்கு ஆளே இல்லாத மாதிரி, மழை வந்தது வெயில் வந்தது என்பது போல ஒரு குரல் கேட்டது. இப்படியே நூறு படி இருந்து நூறு தரம் சொன்னால் அது தன்னுடையது இல்லை என்று தானே நம்பிவிடலாம். ஏழு. மூச்சை விட்டாள். தப்பாகச் சொல்லவில்லை. இவ்வளவு சரியாக வாழ்நாளில் எதையுமே அவள் சொன்னதில்லை.

மேல்படிக்குக் காலைத் தூக்கும்போதுதான் சேலையை எதுவோ இழுத்தது. அழகு. தாயின் மடியிலிருந்து நழுவி எப்போது வந்தது தெரியவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "பெரியம்மா, நீங்கதானே அன்னைக்கு என்னைக் கத்துனீங்க? மாடியில நின்னு கத்துனீங்கல்ல? கிணத்துக்குள்ளகூடக் கேட்டுச்சு, எறங்குடீன்னு." கணீரென்ற குரல், தாயின் குரல். வேலம்மை முடிச்சுக்காரரின் விரலைப் பார்த்தாள். அசையவில்லை. பால்பல் விழாத வாயின் சொல் கயிற்றில் ஏறாது, அது இந்தக் கோயிலின் முதல் விதி. "சரியாப் போச்சு, பெரியம்மாவைக் கொண்டுபோய் மாட்டிவிடுது பாரு" என்றது ஒரு ஆண்குரல். சிரித்தார்கள். "அம்மா போயிடுவான்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க, பாவம்" என்றாள் சிட்டம்மாள். "இங்க வா அழகு" என்றாள் பூரணி. அவ்வளவுதான் சொன்னாள். குழந்தை போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது, தான் சொன்னது உண்மைதானே என்று யாராவது ஒருவர் சொல்வார்கள் என்பது போல. ஊரே கேட்க உண்மையைச் சொல்லியாயிற்று, ஊரே சிரித்துவிட்டது, இனி அதைத் திரும்ப ஒருதரம் சொன்னால் போதும், பல் விழுந்து முளைத்த வாயால். இரண்டே சொல். என் குரல். அழகு பாதி தூரம் தூக்கிவைத்துவிட்டது, மீதியைத் தூக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை.

மேல்படியிலிருந்து பார்த்தால் கோயில் வேறு மாதிரி இருந்தது. உள்ளே, தூண்களுக்கு அப்பால் தூண்கள், அதற்கப்பால் இருட்டில் ஒற்றை விளக்கு, அந்த விளக்குக்குப் பின்னால் நின்றநாதர், நின்றுகொண்டே இருக்கிறவர், இத்தனை முடிச்சையும் கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாதவர். அவர் நிற்கிற இடம் எப்போதும் நிழல்தான், அவருக்கு விலகல் மணியே கிடையாது என்று தோன்றியது. அவராலும்தான் என்ன செய்ய முடியும். வடகம். சங்கு. நிழல். கிணற்றுச் சுவர். எட்டிப் பார்த்தது. குரல் கேட்டது. இறங்கிவிட்டது. ஏழு. "யார் குரல்? பேர் சொல்லும்மா" என்றார் முடிச்சுக்காரர், கயிற்றில் எட்டாவது கண்ணியை வளைத்துப் பிடித்துக்கொண்டு. "சீக்கிரம். கோடு நெருங்குது. மூணாங்கயிறு முடியலேன்னா தெரு சொன்னதுதான் நிக்கும், தெரியுமில்ல?" தெரியும். கீழே பூரணி எழுந்து நின்றிருந்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை, கிணற்றிலிருந்து வாளி மேலே வருவதற்குக் காத்திருக்கிற மாதிரி நின்றாள். வேலம்மை வாயைத் திறந்தாள். "என்" என்றாள். சத்தியமாக அதைச் சொன்னாள், அது வெளியே வந்தது, கண்ணி இறுகப் பார்த்தது. அதற்குமேல் தொண்டை அடைத்தது. நிஜமாகவே அடைத்ததா, இல்லை அடைக்கட்டும் என்று காத்திருந்ததா, அதை அவள் பிறகு எத்தனையோ தரம் யோசிப்பாள், ஒரு முடிவுக்கும் வரமாட்டாள். இருமினாள். இருமல் நின்றபோது முன்தளத்தில் கலசத்தின் கூருக்கும் பித்தளைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. டொக், என்றது கோடாலி. செருப்பைத் தேடிக் குனிந்த முதுகு ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரியும். அப்போதே தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது, எல்லாருக்கும் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டேதான் எல்லாரும் சோறு தின்கிறார்கள்.

"தண்ணி" என்றாள் வேலம்மை. யாரோ சொம்பை நீட்டினார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, விளிம்பில் வாய் வைத்து, ஒரு மடக்கு, நிறுத்தி, இன்னொரு மடக்கு. முடிச்சுக்காரர் கண்ணியைப் பிடித்தபடியே இருந்தார். தண்ணீர் குடிக்கிறவளை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. "ஏய், சீக்கிரம் சொல்லிட்டு எறங்கேன், எல்லாருக்கும் பசிக்குது" என்று சிட்டம்மாள் முணுமுணுத்தாள், அவளையும் யாரோ அடக்கினார்கள். தண்ணீரில் துளசி வாசம். சொம்பின் விளிம்புக்கு மேலே ஒரு கண்ணுக்கு மட்டும் வெளி தெரிந்தது. கலசத்தின் கூர் பித்தளையைத் தொட்டது. ஒரு எறும்பு தொடுவது போலத்தான் தொட்டது. மடைப்பள்ளியில் கோடாலி பாதி வெட்டில் நின்றது. சங்கு ஊதியது.

முடிச்சுக்காரர் எட்டாவது கண்ணியை உருவிவிட்டார், பிறகு மூன்று கயிற்றின் முடிச்சுகளையும் அவிழ்க்கத் தொடங்கினார், ஒவ்வொன்றாக, பொறுமையாக. நிழல் படியேறி வந்து அவள் பாதத்தின்மேல் குளிர்ந்தது. கீழே மாமியார் மூட்டையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள். பூரணி குழந்தையின் கலைந்த தலையை விரலால் கோதி, பின்னலை அவிழ்த்து, திரும்பப் பின்னிக்கொண்டிருந்தாள், அவசரமில்லாமல், நிழல் விலகுகிறவரைக்கும் அவளுக்கு நேரம் இருந்தது. அழகு படிமேல் நிற்கிறவளையே பார்த்தது. ஏதோ சொல்ல வாய் எடுத்தது, பிறகு அதற்கே ஞாபகம் வந்து, தன் சின்னக் கையைத் தூக்கித் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது. வேலம்மை சொம்பை இறக்கவில்லை. தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது. அவள் குடித்துக்கொண்டே இருந்தாள்.